ஊர் வாயும் வணிகப் பெயரும்



"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. பிறர் பேச்சால் மனம் நொந்தவர்கள் சலிப்போடு சொல்லும் மொழி இது. ஊர் வாயை மூட முடியாது என்பது உண்மையே. ஆயினும், மூட முடியாத அந்த வாய் என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்க முடியும் அன்றோ? கேட்டதில் மெய் எது, பொய் எது என்று பிரித்தறிய முடியும். மெய்யென்று கண்ட குறையைத் திருத்திக் கொள்ளவும் முடியும். இம்மூன்றையும் இன்று ஒரு தனித் தொழிலாகவே செய்து வருகிறார்கள். ஒரு பொருளைப் பற்றி இணையத்தில் மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று நாள்தோறும் நோக்கி வருவதே அத்தொழில். அது எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் விளையும் நன்மை யாது, அதன் எல்லை எது என்பவற்றை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பள்ளிகளில் பணியாற்றியவன் ஆதலால், எடுத்துக்காட்டுகளை இயன்றவரை நம் பக்கத்திலிருந்தே தருகிறேன்.

முதலில், வணிகப் பெயர் என்பது யாது? ஆங்கிலத்தில் இதனைப் 'பிராண்டு' என்பர். அச்சொல்லின் பழம்பொருள் நெருப்போடும் சூட்டோடும் தொடர்புடையது. கால்நடை வளர்ப்போர் தம் மாடுகளை அடையாளம் காண்பதற்காகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இட்ட குறி பிராண்டு எனப்பட்டது. நம் ஊர்களிலும் மாட்டுக்குச் சூடு போடும் வழக்கம் இருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். இது யாருடைய மாடு என்று காட்டிய குறி, பின்னர் இது யார் செய்த பொருள் என்று காட்டும் குறியாயிற்று. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. சட்டம் பெயரையும் படத்தையும் காக்கும். அப்பெயரைக் கேட்டவுடன் மக்கள் உள்ளத்தில் எழும் நம்பிக்கையைக் காக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. மூட்டையின் மேல் அச்சிட்ட பெயர் ஆலைக்காரருக்கு உரியது. அப்பெயரின் மதிப்போ வாங்குவோர் வாயில் இருக்கிறது.

வாங்குவோர் வாய்ச்சொல்லைக் கேட்கும் வழக்கம் புதிதன்று. வாரச் சந்தையில் கடை விரித்தவர், சென்ற வாரம் வாங்கியவர் முகத்தைப் பார்த்தே தம் சரக்கின் தரத்தை அறிந்துகொண்டார். வாணிகம் பெருகி, செய்வோரும் வாங்குவோரும் தொலைவில் பிரிந்தபோது, முகம் பார்த்தல் அரிதாயிற்று. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் போன்ற நகரங்களில் செய்தித்தாள் நறுக்கு நிலையங்கள் தோன்றின. கட்டணம் செலுத்தியவருடைய பெயர் எந்தத் தாளில் வந்தாலும், அப்பகுதியைக் கத்தரித்து ஒட்டி அவருக்கு அனுப்புவதே அவற்றின் வேலை. வானொலியும் நேயர் கடிதங்களைக் கொண்டு தன் நிகழ்ச்சிகளின் நிறை குறைகளை அறிந்து வந்திருக்கிறது. இணையம் வந்த பின்பு கத்தரிக்கோலின் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. 2003-இல் கூகுள் நிறுவனம் தொடங்கிய அறிவிப்புச் சேவையில் ஒரு சொல்லைப் பதிந்து வைத்தால், அச்சொல் புதிதாக இணையப் பக்கங்களில் தோன்றும்போது நமக்கு மின்னஞ்சல் வரும். இதற்குக் கட்டணம் இல்லை. பெருநிறுவனத்தாருக்கு மட்டும் வாய்த்திருந்த வசதி, ஒரு சிறு கடைக்காரருக்கும் வாய்த்தது.

இது வெறும் வசதி அன்று, இன்றியமையாத வேலை என்பதை வணிக உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி 2005-இல் அமெரிக்காவில் நடந்தது. ஜெஃப் ஜார்விஸ் என்னும் பத்திரிகையாளர் டெல் நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்றை வாங்கினார். அது பழுதுபட்டது, பழுதுபார்க்கும் சேவையும் அவருக்கு மனநிறைவு தரவில்லை. தம் மனக்குறையை அவர் தம்முடைய இணையப் பக்கத்தில் எழுதினார். தமக்கும் அவ்வாறே நேர்ந்தது என்று பலரும் எழுதலாயினர். கடிதமாகப் போயிருந்தால் ஒரு கோப்புக்குள் அடங்கியிருக்கக்கூடிய குறை, உலகறிந்த செய்தியாயிற்று. அடுத்த ஆண்டு முதல் அந்நிறுவனம், இணையத்தில் குறை கூறுவோரைத் தானே தேடிச் சென்று உதவத் தொடங்கியது. 2007-இல் வாடிக்கையாளர் யோசனைகளைப் பெறுவதற்கென ஒரு தளம் அமைத்தது. 2010 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்து ரௌண்டு ராக் நகரில், இணையப் பேச்சைக் கவனிப்பதற்கென்றே தனி நிலையம் ஒன்றைத் திறந்தது. ஒரு தனி மனிதரின் முறையீடு, ஒரு பெருநிறுவனத்திற்குக் காது முளைக்கச் செய்தது.

இனி, இவ்வேலை நடைபெறும் முறையைப் பார்ப்போம். சின்ன வெங்காயச் சாகுபடியில் தமிழ்நாட்டில் முன்னணியில் நிற்கும் மாவட்டம் பெரம்பலூர். அவ்வெங்காயத்தைக் கொண்டு வடகம் செய்து, பொட்டலமாக்கி, ஒரு மகளிர் குழு இணையத்தின் வழியே விற்கிறது என்று வைத்துக் கொள்வோம். தம் வடகத்தைப் பற்றி வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அறிய அக்குழுவினர் விரும்புகிறார்கள். அவர்கள் செய்ய வேண்டிய வேலைகள் நான்கு. அவை திரட்டுதல், களைதல், தரம் பிரித்தல், எண்ணிப் பார்த்தல் என்பன.

திரட்டுதல் என்பது, தம் பொருளின் பெயர் வரும் இடங்களையெல்லாம் தேடிச் சேர்த்தல். எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. வடகம் என்னும் சொல்லைத் தேடுமாறு கணினிக்குச் சொல்கிறோம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினி அச்சொல்லை அப்படியே தேடும். மக்களோ 'வடகத்தைத் தாளித்தேன்', 'வடகத்தில் உப்பு மிகுதி' என்று எழுதுவார்கள். மகர ஈற்றுச் சொல் வேற்றுமை உருபை ஏற்கும்போது அத்துச் சாரியை பெறும் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். வடகம், அத்து, ஐ ஆகிய மூன்றும் சேர்ந்து வடகத்தை ஆயிற்று. ஈற்று மகரம் கெட்டுவிட்டதால், கணினி அதனைக் காணாமல் கடந்துவிடும். தேர்வுக்கு மட்டுமே பயன்படுவது என்று நீங்கள் எண்ணியிருந்த சாரியை, இங்கே ஒருவருடைய குறை கேட்கப்படுமா கேட்கப்படாதா என்பதை முடிவு செய்கிறது. இதனோடு, வடகத்தை வடவம் என்று வழங்கும் ஊர்களும் உண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். பிழைபட எழுதுவோரும் இருப்பார்கள். இவ்வடிவங்களையெல்லாம் முன்னரே பட்டியலிட்டுக் கொடுத்தால்தான் வலை முழுதாக விரியும்.

வலையில் மீனும் விழும், பாசியும் விழும். பாசியை அகற்றுவதே களைதல். இதற்கு அரியலூரைச் சார்ந்த நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலம் அரியலூர். அக்கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லே இன்று அம்மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகள் பல நிற்பதற்குக் காரணம். தமிழ்நாடு அரசின் சிமெண்ட்ஸ் கழகம் 1979 முதல் அங்கே ஆலை நடத்தி வருகிறது. அக்கழகத்தின் புதிய சிமெண்டுக்கு 2021-இல் 'வலிமை' என்று பெயர் சூட்டி, அவ்வாண்டு நவம்பரில் முதலமைச்சர் அறிமுகம் செய்தார். கட்டடப் பொருளுக்கு மிகவும் பொருத்தமான பெயர்தான். ஆனால் அதே காலத்தில், நடிகர் அஜித்குமார் நடித்த திரைப்படம் ஒன்றும் 'வலிமை' என்னும் பெயரோடு உருவாகி வந்தது. அது 2022 பிப்ரவரியில் வெளியாயிற்று. அப்படத்தைப் பற்றிய புதுச்செய்தி ஏதும் உண்டா என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் இணையத்தில் கேட்டுக் கொண்டே இருந்தனர். சிமெண்டின் பெயர் அறிவிக்கப்பட்டதும், ரசிகர்கள் கேட்ட செய்தி இதுதானோ என்று நகைச்சுவைத் துணுக்குகள் பல உலவின.

அந்நாட்களில் வலிமை என்னும் சொல்லைத் திரட்டிய ஒரு கணினியை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேச்சு கிடைத்தால், அவற்றில் பெரும்பகுதி திரையரங்கைச் சார்ந்ததாக இருக்கும். சிமெண்டு வாங்கிய கொத்தனாரின் சொல் அதற்குள் புதைந்து கிடக்கும். வலிமை என்பது நாள்தோறும் வழங்கும் பொதுச்சொல்லும் ஆதலின், உடல் வலிமை, மன வலிமை பற்றிய பேச்சும் வந்து கலக்கும். ஆகவே மூட்டை, கலவை, விலை, கான்கிரீட்டு போன்ற துணைச்சொற்கள் உடன் வருகின்றனவா என்று நோக்கி, வேண்டாதவற்றை நீக்க வேண்டும். ஒரு சொல்லின் பொருளை அதன் சூழலைக் கொண்டே துணிய வேண்டும் என்று உரையாசிரியர்கள் கடைப்பிடித்த நெறியே இங்கும் பயன்படுகிறது.

மூன்றாவது வேலை தரம் பிரித்தல். கிடைத்த பேச்சு பாராட்டா, குறையா, வெறும் செய்தியா என்று மூன்றாகப் பகுப்பார்கள். பேச்சு சிலவாக இருந்தால் மனிதரே படித்துப் பகுக்கலாம். பல்லாயிரமானால் கணினியின் துணை வேண்டும். தொடக்கத்தில் நல்ல சொற்கள் இவை, தீய சொற்கள் இவை என்று பட்டியல் கொடுத்துப் பகுக்கச் செய்தார்கள். இன்று எண்ணற்ற எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பயிற்றுகிறார்கள். இரண்டிலும் இடர்ப்பாடு உண்டு. தாறுமாறு என்றால் ஒழுங்கின்மை என்று அகராதி சொல்லும். 'படம் தாறுமாறு' என்று கல்லூரி மாணவர் எழுதினாலோ அது உயர்ந்த பாராட்டு. 'மூன்று நாளில் வரவேண்டிய பொட்டலம் முப்பது நாளில் வந்தது. என்ன வேகம், கை கொடுங்கள்!' என்று ஒருவர் எழுதினால், வேகம் என்ற சொல்லையும் கை கொடுங்கள் என்ற தொடரையும் கண்டு, கணினி அதனைப் பாராட்டில் சேர்த்துவிடக்கூடும். புகழ்வது போலப் பழித்தலை நம் அணியிலக்கணம் வஞ்சப் புகழ்ச்சி என்று வகுத்து வைத்திருக்கிறது. மனிதர் உடனே உணரும் அந்த வஞ்சப் புகழ்ச்சியைக் கணினிக்குக் கற்பிப்பது இன்றும் எளிதன்று. ஆகவே எத்துணைச் சிறந்த கருவி இருந்தாலும், ஒரு பகுதியையேனும் மனிதர் படித்துச் சரிபார்ப்பது நல்லது.

நான்காவது, எண்ணிப் பார்த்தல். இங்கே எண்ணுதல் என்னும் சொல்லின் இரு பொருளும் வேண்டும். கணக்கிடவும் வேண்டும், சிந்திக்கவும் வேண்டும். நம் வடகத்தைப் பற்றி நாள்தோறும் இருபது பேர் பேசுகிறார்கள். அவர்களில் இருவர் குறை சொல்கிறார்கள் என்று கொள்வோம். இது நூற்றுக்குப் பத்து. ஒருநாள் திடீரென்று அறுபது பேர் பேசி, முப்பது பேர் குறை சொன்னால், அது நூற்றுக்கு ஐம்பது. அன்று ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்பது தெளிவு. வழக்கமான அளவு எது என்று முன்பே குறித்து வைத்தவரே இம்மாற்றத்தைக் காண முடியும். ஆனால் முப்பது பேச்சு என்பது முப்பது மனிதர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. ஒருவரே ஐந்து பெயர்களில் எழுதலாம். ஒருவர் எழுதியதை இருபத்தொன்பது பேர் வாங்காமலே மறுபதிவு செய்திருக்கலாம்.

அவ்வாறானால் எதை நம்புவது? இக்கேள்வியைத் திருவள்ளுவர் ஈராயிரம் ஆண்டை ஒட்டிய பழமையிலேயே எழுப்பிப் பார்த்திருக்கிறார். திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தால் அதனைத் தெளியலாம் என்றும் அங்கே அவர் கூறுகிறார். இதனை நம் வடகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 'வடகம் மோசம், யாரும் வாங்காதீர்கள்' என்னும் ஒரே தொடர் நூறு முறை மறுபதிவாகி வந்தால், அது ஒரு குரலின் நூறு எதிரொலி. மதுரையிலிருந்து ஒருவர், ஓசூரிலிருந்து ஒருவர், நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர், தத்தம் சொற்களில் பூஞ்சை பிடித்திருந்தது என்று எழுதி, மூவர் பொட்டலத்திலும் ஒரே தயாரிப்பு நாள் அச்சிடப்பட்டிருந்தால், அதுவே தெளியத்தக்க சான்று. அன்று காயவைத்த வடகத்தில் ஈரம் இருந்ததா என்று குழுவினர் உடனே ஆராய வேண்டும். நூறு எதிரொலியைவிட அந்த மூன்று குரல் கனமானது.

பொய்ப் பேச்சால் நேரும் தீங்கு சிறிதன்று. 2021 செப்டம்பரில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐடி ஃபிரெஷ் ஃபுட் என்னும் நிறுவனத்தின் இட்லி தோசை மாவில் விலங்குப் பொருள்கள் கலந்திருப்பதாக வாட்ஸப் முதலியவற்றில் செய்தி பரவிற்று. அந்நிறுவனம் அதனை முற்றும் மறுத்து, தாவரப் பொருள்களைக் கொண்டே மாவு செய்யப்படுகிறது என்று விளக்கம் வெளியிட்டது. இத்தகைய வதந்தியை முதல் நாளே கேட்டவர் அதனை எதிர்கொள்ள முடியும். கேளாதவர், விற்பனை சரிந்த பின்பே காரணத்தைத் தேடுவார். பொய்ப் பழி போலவே பொய்ப் புகழும் உண்டு. காசு கொடுத்துத் தம் பொருளுக்குத் தாமே பாராட்டு எழுதுவித்துக் கொள்ளும் வணிகரும் இருக்கின்றனர். இதனைத் தடுக்கும் நோக்குடன் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில், இணையத்தில் வரும் நுகர்வோர் மதிப்புரைகளுக்கென ஒரு தர நெறியைத் தன்விருப்ப நெறியாக வெளியிட்டது. மதிப்புரை எழுதுவோர் மெய்யானவரா என்று சரிபார்த்தல் அதன் கூறுகளுள் ஒன்று.

இதுவரை கேட்கும் முறையைச் சொன்னேன். இனி, கேளாமல் விடுபடுவோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசுவோர் பெரும்பாலும் அதே பத்துப் பேராக இருப்பார்கள். கடைசி வரிசையில் நின்று, ஒன்றும் சொல்லாமல் வயல் வேலைக்குத் திரும்பிவிடும் தாயரிடம், கூட்டம் கலைந்த பின் தனியே கேட்டால்தான் சத்துணவுக் கூடத்துத் தண்ணீரைப் பற்றியும், மாலையில் பேருந்து நில்லாமல் போவதைப் பற்றியும் தெரியவரும். இணையமும் அத்தகைய ஒரு கூட்டமே. அங்கே பேசுவோர் எல்லா மக்களும் அல்லர். மேலும், சிமெண்டின் பெயரைத் தேடும் கணினிக்கு, அப்பெயரைச் சொல்லிப் பேசுவோர் குரல் மட்டுமே கேட்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எழுப்பும் புழுதியைச் சுவாசிக்கும் சாலையோர ஊரார், எந்த வணிகப் பெயரையும் சொல்லிக் குறைகூறுவதில்லை. புழுதி என்பார்கள், சாலை என்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரம் என்பார்கள். அல்லது ஒரு மனுவை எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவார்கள். தன் பெயரை மட்டும் தேடுகிறவன், தன்னால் பாதிக்கப்படுவோர் பேச்சைக் கேளாமலே, எங்கும் நற்பெயர் என்று மகிழ்ந்திருக்கக்கூடும். நல்ல செவி, தன் பெயர் வராத பேச்சையும் தேடிச் செல்லும்.

கேட்ட பின் செய்வது யாது என்பதே இத்தொழிலின் உண்மையான தேர்வு. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2021 அக்டோபரில், உணவு கொணர்ந்து தரும் சொமாட்டோ நிறுவனத்திடம் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், தாம் கேட்ட உணவில் ஒரு வகை வரவில்லை என்று முறையிட்டார். மொழி இடர்ப்பாட்டினால் அவர் குறை தீரவில்லை. இந்தி நாட்டு மொழி, அனைவரும் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும் என்னும் கருத்தில் சேவை ஊழியர் விடை எழுதினார். வாடிக்கையாளர் அவ்வுரையாடலை, அக்காலத்தில் ட்விட்டர் எனப்பட்ட எக்ஸ் தளத்தில் வெளியிட்டார். நிறுவனத்தைப் புறக்கணிப்போம் என்னும் முழக்கம் நாடெங்கும் பரவிற்று. அடுத்த நாளே நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருத்தம் தெரிவித்தது; அவ்வூழியரைப் பணிநீக்கம் செய்ததாகவும், தன் செயலியின் தமிழ் வடிவம் உருவாகி வருவதாகவும், கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் அமைக்கும் பணி நடைபெறுவதாகவும் அறிவித்தது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல், அவ்வூழியரை மீண்டும் பணியில் சேர்ப்பதாகத் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சியை நிதானமாக நோக்குங்கள். ஊர் பேசியது நிறுவனத்தின் காதுக்கு ஒரே நாளில் எட்டிவிட்டது. அவ்வகையில் கேட்டல் குறைவற நடந்தது. தமிழ் பேசுவோருக்குத் தமிழில் சேவை செய்யும் ஏற்பாடு போதாமல் இருந்ததே குறையின் வேர். தமிழ்ச் செயலியும் தமிழ்ச் சேவை மையமும் அந்த வேரை நாடிய மருந்து. ஓர் ஊழியரின் வேலையைப் பறித்ததோ, கூச்சல் அடங்குவதற்காகக் கடைசிப் படியில் நிற்பவரைப் பலி கொடுத்தது போல் ஆயிற்று. அதனை அன்றே திருத்திக் கொண்டது நன்று. ஆயிரம் பேர் சினந்து எழுதும் வேளையில், அவர்கள் சினத்துக்கு அஞ்சி ஓர் ஏழை ஊழியரின் பிழைப்பைப் பறிக்கும் கேட்டல், கேளாமையைவிடக் கொடியது. எழுதுகின்ற நமக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு நிறுவனத்தைத் திருத்துவதற்கு எழுதுகிறோமா, ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுப்பதற்கு எழுதுகிறோமா என்று, கைபேசியைத் தொடுமுன் ஒரு கணம் எண்ண வேண்டும்.

பொறுப்பு ஏற்பது எப்படி என்பதற்கு, இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அரியலூர் ஒரு சான்றாயிற்று. 1956 நவம்பர் 23-ஆம் நாள், பெருமழையில் மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தைச் சிதைக்க, தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாளில் ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, தார்மிகப் பொறுப்பு தம்முடையது என்று கூறிப் பதவி விலகினார். பழியைக் கீழே உள்ள ஊழியர் மேல் தள்ளாமல் மேலே உள்ளவர் ஏற்றுக்கொண்ட அந்தச் செயல், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மக்கள் வாயில் நற்சொல்லாக நிலைத்திருக்கிறது. நற்பெயரை நாடும் எந்த நிறுவனமும் கற்க வேண்டிய பாடம் இதுவே.

ஆகவே, விடை கூறுவதற்கு எளிய ஒழுங்கு ஒன்றைச் சொல்கிறேன். குறை கூறியவருக்குத் தாமதியாமல் விடை தருக. குறை மெய்யானால், பலர் காண ஒப்புக்கொள்க. அவருடைய முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றைத் தனிமையில் கேட்டுப் பெறுக. காரணத்தை ஆராய்ந்து திருத்துக, திருத்தியதைச் சொல்க. குறை பொய்யானால், சான்று காட்டி அமைதியாக மறுக்க. குறையை அழித்துவிடுவதும், எழுதியவரை மிரட்டுவதும், சிறு தீப்பொறியை ஊதிப் பெருக்குவதற்கு ஒப்பாகும்.

இறுதியாக, எல்லை பற்றி ஒரு சொல். ஒரு பொருளைப் பற்றிய பேச்சைக் கேட்பது வேறு. பேசுகின்ற மனிதரைப் பின்தொடர்வது வேறு. வடகம் உப்பாக இருந்தது என்று எழுதியவர் யார், அவர் எந்தக் கட்சி, எங்கெங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று குறித்து வைப்பது கேட்டல் ஆகாது; அது வேவு. ஒற்றாடல் அரசனுக்கு உரியது என்று பழைய நூல் கூறலாம். மக்களாட்சியில் அரசுக்கும் அதில் எல்லை உண்டு. 2018-இல் மத்திய அரசு, மாவட்டந்தோறும் ஆளமர்த்தி, சமூக ஊடகப் பேச்சைத் திரட்டும் மையம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டது. அதனை எதிர்த்த வழக்கில், இது மக்களை வேவு பார்க்கும் அரசை உருவாக்குவது போல் ஆகுமே என்று உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான், 2017 ஆகஸ்டு 24 அன்று, தனிமை உரிமை அடிப்படை உரிமைகளுள் ஒன்று என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

ஆயினும் சட்டம் அனைத்தையும் காக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவுக்குப் பொருந்தாது. நாற்சந்தியில் நின்று நீங்கள் உரக்கச் சொன்னதை யார் குறித்துக்கொண்டாலும், அச்சட்டம் தடுக்காது என்பது பொருள். ஆகவே இணையத்தில் எழுதும் ஒவ்வொரு சொல்லும், எங்கோ ஓர் ஏட்டில் ஏறுகிறது என்ற நினைவோடு எழுதுங்கள். இதனை அச்சுறுத்தலாகக் கொள்ள வேண்டா. உங்கள் சொல்லுக்கு உள்ள வலிமையின் அளவாகக் கொள்ளுங்கள். வாங்கிய பொருளில் குறை கண்டால், எந்நாள் வாங்கியது, என்ன குறை, என்ன வேண்டும் என்று மூன்று வரியில் தெளிவாக எழுதுங்கள். பொருளைக் குறை கூறுங்கள், ஆளை இழித்துரைக்காதீர்கள். தாம் காணாததைக் கண்டதாக மறுபதிவு செய்யாதீர்கள். நிறைவு கண்டால் அதனையும் எழுதுங்கள். வெயிலில் நின்று வடகம் காயவைத்த கைகளுக்கு அதுவே கூலிக்கு மேல் கூலி. எழுதியும் பயனில்லை என்றால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

உங்களுள் சிலர் நாளை இத்தொழிலையே மேற்கொள்ளலாம். கணினியும் கணக்கும் கற்ற கையோடு, இலக்கணமும் கற்றுக் கொள்ளுங்கள். தமிழில் பேசும் ஊரின் வாயைத் தமிழறிந்த செவியே முழுதும் கேட்கும். வேறு சிலர் தொழில் தொடங்கி, ஒரு பெயரை நாட்டுக்கு அறிமுகம் செய்யலாம். அவர்கள் நாள்தோறும் காலையில், நேற்று நம்மைப் பற்றி யார் புகழ்ந்தார் என்று தேடுவதற்கு முன், நேற்று நம்மால் யார் வருந்தினார் என்று தேடுவார்களாக. புகழைத் தேடும் காதுக்குப் புகழ் மட்டுமே கேட்கும். குறையைத் தேடிக் கேட்டுத் திருத்துவோரின் பெயரை, அவர்கள் கேளாத வேளையிலும் ஊர் நன்றாகவே சொல்லும்.